மேலே உறைபனி, கீழே சித்திரை வெயில்: சால்வியா வாடினால் எங்கே பார்ப்பது

நான் இருக்கும் மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 330 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அக்கா வாழ்க்கைப்பட்டுப் போன ஊட்டி 2,200 மீட்டருக்கு மேல். இரண்டுக்கும் நடுவே மலை ரயில் பாதை 46 கிலோமீட்டர்தான். அதற்குள் ஒரே செடிக்கு இரண்டு ஆபத்துகள் காத்திருக்கின்றன. மேலே தை மாத உறைபனி, கீழே சித்திரை மாத வெயில். பல வருடங்களாக நானும் அக்காவும் சால்வியாவை மலைக்கும் சமவெளிக்கும் மாற்றி மாற்றி அனுப்பித்தான் காப்பாற்றி வருகிறோம். அதில் கற்றதை, செடியில் கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை வைத்தே எழுதுகிறேன். உங்கள் செடியில் எது தெரிகிறதோ அந்தப் பகுதியை மட்டும் படித்தால் போதும்.

ஆனால் எந்தச் சால்வியா என்பது முக்கியம். துளசிக் குடும்பத்தில் சால்வியா இனம் மட்டுமே ஏறக்குறைய ஆயிரம் வகைகள் கொண்டது. சமையலுக்குப் போடும் சாம்பல் இலைச் சால்வியா மத்தியதரைக் கடல் நாட்டுச் செடி, அது குளிருக்கு அஞ்சாது. நான் பேசுவது பூவுக்காக வளர்க்கும் மென்மையான வகைகளைப் பற்றி: மெக்சிகோவிலிருந்து வந்த ஊதா வெல்வெட் பூ லூகாந்தா, இலையைக் கசக்கினால் அன்னாசி மணக்கும் எலிகன்ஸ், பிரேசில் நாட்டுச் சிவப்புப் பூ ஸ்ப்ளெண்டென்ஸ், தென் அமெரிக்க நீலப்பூ குவாரனிட்டிகா. நர்சரியில் பெயர் தெரியாமல் வாங்கியிருந்தால் தண்டை விரலால் உருட்டிப் பாருங்கள். துளசித் தண்டு போல் நான்கு பட்டையாக இருக்கும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் இரண்டு சோதனைகள். ஒன்று, கட்டைவிரல் நகத்தால் தண்டின் தோலை மெல்லச் சுரண்டுவது. உள்ளே பச்சைப் பயற்றின் நிறம் தெரிந்தால் உயிர் இருக்கிறது. இரண்டு, தொட்டியைக் கையில் தூக்கிப் பார்ப்பது. தண்ணீர் விட்ட மறுநாள் இருந்த கனம் ஒரு வாரம் கழித்தும் குறையவில்லை என்றால் வேர் தண்ணீரைக் குடிக்கவில்லை. இந்த இரண்டையும் செய்யாமல் யாரும் தண்ணீர்க் குவளையையோ மண்வெட்டியையோ எடுக்க வேண்டாம். நான் பார்த்த வரையில் சால்வியா குளிரால் செத்ததைவிட, குளிர்காலத்தில் பரிவோடு ஊற்றிய தண்ணீரால் செத்ததுதான் அதிகம்.

காலையில் இலையெல்லாம் கறுத்து, வெந்த கீரை போல் தொங்குகிறது

இது உறைபனி. மலையில் கார்த்திகை தொடங்கி மாசி வரை வரும். மேகமில்லாத, காற்றில்லாத இரவுதான் ஆபத்தானது. பகல் முழுக்க நிலம் வாங்கிய சூடு தடையில்லாமல் வானத்துக்குப் போய்விடுகிறது. குளிர்ந்த காற்று கனமானது என்பதால் தண்ணீர் போலவே பள்ளத்தை நோக்கி இறங்குகிறது. ஊட்டியில் குதிரைப் பந்தய மைதானமும் காந்தலும் வெள்ளை விரித்திருக்கும்போது சரிவில் இருக்கும் வீட்டுத் தோட்டம் தப்பித்துவிடுவது இதனால்தான். அக்கா வீட்டிலேயே கீழ்ப்பாத்தியில் இருந்த லூகாந்தா கருகிய அதே இரவில், பத்து அடி மேலே கருங்கல் சுவரை ஒட்டி இருந்தது பூவோடு நின்றது.

கருகிய அன்றைக்கே கத்தரிக்காதீர்கள். கறுத்துப்போன மேல்கிளை அசிங்கமாகத்தான் தெரியும். ஆனால் அடுத்த பனி விழும்போது கீழே இருக்கும் மொட்டுக்கு அதுதான் போர்வை. இன்னொரு காரணமும் உண்டு. குவாரனிட்டிகா போன்றவற்றின் முதிர்ந்த தண்டு உள்ளே கூடாக இருக்கும். அடியோடு வெட்டினால் அந்தக் குழாய்க்குள் பனிநீரும் மழைநீரும் இறங்கித் தேங்கும். ஒருமுறை அப்படி வெட்டிய கட்டை ஒன்றை நெடுக்கில் பிளந்து பார்த்தேன். உள்ளே ஒரு ஸ்பூன் அளவுக்குப் பழுப்புத் தண்ணீர். அதன் அடியில் வேரோடு தண்டு சேரும் இடம் சேப்பங்கிழங்கு அழுகினாற்போல் கொழகொழவென்று இருந்தது. அழுகல் மேலிருந்து கீழே நடந்து போயிருக்கிறது. அன்றிலிருந்து பனிக்காலம் முடியும் வரை கத்தரிக்கோலைத் தொடுவதில்லை.

அடுத்த இரவுக்குச் செய்ய வேண்டியது மூடாக்கு. வெயில் இறங்குவதற்கு முன்பே, நிலத்தில் சூடு இருக்கும்போதே மூடிவிட வேண்டும். இரவு ஒன்பது மணிக்கு மூடினால் போன சூட்டுக்குக் கதவு சாத்தியதாகத்தான் ஆகும். பழைய பருத்திப் புடவை, சாக்கு, மிலாறு எனப்படும் இலையோடு கூடிய சிறுகிளை எதுவும் நல்லது. ஊட்டித் தாவரவியல் பூங்காவிலும் மிலாறு கொண்டு பாத்திகளை மறைப்பதைப் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக் தாள் என்றால் குச்சி நட்டுக் கூடாரம் போல் போடுங்கள். தாள் தொடும் இலைதான் முதலில் கருகும். மூடுவது தரை வரை இறங்க வேண்டும், ஏனென்றால் நாம் பிடித்து வைப்பது நிலத்தின் சூட்டைத்தான். காலையில் வெயில் ஏறியதும் எடுத்துவிடுங்கள்.

கிழக்கு வெயில் நேராக விழும் இடத்தில் சேதம் கூடுதலாக இருக்கும். உறைந்த இலை சட்டென்று உருகுவதைத் தாங்காது. சூரியன் தொடும் முன்பே தண்ணீர் தெளித்துப் பனியைக் கரைத்துவிடுவது மலைத் தோட்டக்காரர்களின் வழக்கம். அதை நானும் சரி என்றே சொல்வேன், ஆனால் இலையில் மட்டும், அதுவும் கைத்தெளிப்பானால். வேரடியில் ஊற்றக் கூடாது.

ஸ்ப்ளெண்டென்ஸ் மட்டும் உறைபனி பட்டால் பிழைக்காது. அதற்கு மூடாக்குப் போட்டு மெனக்கெடாமல் விதை எடுத்து வையுங்கள்.

மண் ஈரமாக இருக்கிறது, ஆனாலும் செடி வாடுகிறது

பார்த்தவுடன் கை தண்ணீர்க் குடத்துக்குப் போகும். வேண்டாம். வேர் அழுகியிருக்கிறது. வேர் இல்லாததால் ஈரம் இருந்தும் குடிக்க முடியாமல் செடி வாடுகிறது. மலையில் மார்கழியிலும், சமவெளியில் ஐப்பசி கார்த்திகை அடைமழையிலும் இது வரும். பல்லடம், சூலூர் பக்கத்துக் கரிசலில் நேராக நட்டவர்களுக்கு மழை நின்ற பத்தாம் நாள் இந்த அறிகுறி தெரியும்.

தொட்டியைச் சாய்த்து மண் கட்டியை வெளியே எடுங்கள். நல்ல வேர் வெளுப்பாக, இழுத்தால் விறைப்பாக இருக்கும். அழுகிய வேரை விரலால் உருவினால் தோல் கையோடு வந்து உள்நரம்பு மட்டும் நூலாக நிற்கும். பாதிக்கு மேல் வெள்ளை வேர் இருந்தால், அழுகியதை வெட்டி, ஈரமண்ணை உதறி, சிறிய தொட்டிக்கு மாற்றுங்கள். சிறியது என்பதை அழுத்திச் சொல்கிறேன். வேர் குறைந்த செடியைப் பெரிய தொட்டியில் வைத்தால் சுற்றியுள்ள மண் காயவே காயாது. மேல்கிளையையும் பாதியாகக் குறைத்துவிடுங்கள். கிளையை வெட்டக் கூடாது என்று மேலே சொன்னது நிலத்தில் நிற்கும் செடிக்கு. இங்கே குடிக்க வேர் இல்லாதபோது இலையின் பசியைக் குறைத்தே ஆக வேண்டும்.

பாதிக்கு மேல் போய்விட்டதென்றால் நுனியில் நல்ல தளிர் இருக்கும்போதே நட்டு வேர்விட வைக்கக் குச்சி எடுத்துவிட்டுத் தாய்ச்செடியை விட்டுவிடுங்கள். மண் கலவைக்கு நாங்கள் போடுவது செம்மண் ஒரு பங்கு, கழுவிய எம்-சாண்ட் ஒரு பங்கு, மண்புழு உரம் அரைப்பங்கு. எம்-சாண்டைக் கழுவாமல் போட்டால் அதிலுள்ள கல்மாவு சிமென்ட் பூசினாற்போல் இறுகிவிடும். கரிசல் நிலமாக இருந்தால் ஒரு அடி உயரத்துக்கு மேட்டுப்பாத்தி கட்டி நடுங்கள்.

மாசி முடிந்தும் துளிரே இல்லை

ஒரு மாசி மாதம் அக்கா போன் செய்தார். “கண்ணு, நீ கொடுத்த ஊதாப்பூச் செடி போய்விட்டது. ஆளை விட்டுப் பிடுங்கச் சொல்லட்டுமா?” பிடுங்க வேண்டாம், ஞாயிற்றுக்கிழமை நானே வருகிறேன் என்றேன். போய்ப் பார்த்தால் இடுப்பு உயரத்துக்குச் சுள்ளி. மேல்நுனியில் நகத்தால் சுரண்டினேன், பழுப்பு. ஒரு சாண் கீழே, பழுப்பு. முழங்கால் உயரத்திலும் பழுப்பு. சருகை விலக்கிவிட்டு மண்ணுக்கு இரண்டு விரல் மேலே சுரண்டியபோது பச்சை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் மண்ணைக் கையால் தள்ளினால், அரிசி முனை அளவுக்கு இளஞ்சிவப்பாக ஐந்தாறு முளைகள் தண்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. அக்கா குனிந்து பார்த்துவிட்டு வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பார்கள். அந்தப் பனி ஓய்ந்து மண் சூடேறும் வரை லூகாந்தாவும் குவாரனிட்டிகாவும் அசையாது. ரோஜா துளிர்த்துவிட்டது, இது துளிர்க்கவில்லையே என்று ஒப்பிடாதீர்கள். மலையில் சித்திரை முடியும் வரை பொறுங்கள். நகச் சோதனையில் பச்சை கிடைத்த இடத்துக்குச் சற்று மேலே அப்போது வெட்டினால் போதும். கிரெகியி, மைக்ரோஃபில்லா போன்ற சிற்றிலைப் புதர்வகைகள் தாங்கும் சக்தி கூடியவை. வடிகால் நன்றாக இருந்தால் பூஜ்ஜியத்துக்குக் கீழே ஐந்து டிகிரிக்கும் தாக்குப்பிடிக்கும். அவற்றைப் பழைய கட்டை வரை ஒட்ட வெட்டாமல் மூன்றில் ஒரு பங்கு மட்டும் குறையுங்கள்.

வீட்டுக்குள் வைத்த செடி வெளுத்து, நூலாக நீள்கிறது

இது பனி கொட்டும் நாடுகளுக்குப் போயிருக்கும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு. கனடாவில் இருக்கும் அண்ணன் மகனுக்கு முதல் வருடம் இதுதான் நடந்தது. வெளியே நிலமே உறைந்துவிடும் ஊரில் மூடாக்கு உதவாது. தோண்டி எடுத்து உள்ளேதான் வைக்க வேண்டும். அவன் பாசத்தில் ஹீட்டர் ஓடும் கூடத்தில் வைத்து, நாள்தோறும் தண்ணீர் விட்டான். சூடு நம் ஊர் மார்கழிப் பகல் போல, வெளிச்சமோ கிணற்றுக்குள் இருப்பது போல. சூட்டைப் பார்த்துச் செடி வளர்ந்தது, வளர வெளிச்சம் இல்லாமல் வெளுத்தது, அந்த மெலிந்த தளிரில் வெள்ளை ஈ ஏறியது.

இரண்டு வழிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். வெளிச்சமான, ஆனால் குளிர்ந்த சன்னல் ஓரம் கிடைத்தால், 5 முதல் 10 டிகிரிக்குள் இலையோடு வைத்து, மேல்மண் இரண்டு விரல் ஆழம் காய்ந்த பிறகு மட்டும் கொஞ்சம் தண்ணீர். அப்படி இடம் இல்லையென்றால் தூங்க வைத்துவிடுங்கள்: முதல் கடும்பனிக்கு முன் தோண்டி, மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்குக் கத்தரித்து, இலையை உதிர்த்து, உறையாத இருட்டுக் கொட்டகையில் வைத்து, மாதத்துக்கு ஒரு டம்ளர் தண்ணீர். இலை இல்லாத செடிக்கு இருட்டு ஒன்றும் செய்யாது. நீலப்பூ பேட்டென்ஸ் வேரில் கிழங்கு வைக்கும். அதை டேலியா கிழங்கு போல் எடுத்துக் காய்ந்த மணலில் புதைத்து வைக்கலாம். வசந்தத்தில் வெளியே எடுக்கும்போது முதல் நாளே வெயிலில் வைக்காமல் பத்து நாள் பழக்குங்கள்.

குச்சி வேர் பிடிக்காமல் அடியில் கறுக்கிறது

இந்தப் பகுதியை எல்லோரும் படித்தால் எனக்கு மகிழ்ச்சி. தாய்ச்செடிக்கு எத்தனை போர்வை போர்த்தினாலும், கையில் ஆறு குச்சி வேர்விட்டு இருந்தால்தான் அந்தப் பனிக்காலத்தை நிம்மதியாகக் கடக்க முடியும்.

கறுப்பதற்குப் பெரும்பாலும் காரணம் தவறான குச்சி. பூக்காம்பு எழும்பிய கிளை பூவிலேயே சத்தைச் செலவழித்துவிடும், வேர் விடாது. முதிர்ந்த கூடான தண்டு அழுகும். பூ வைக்காத பக்கக் கிளையின் நுனியாக, வளைத்தால் வளைந்து ‘டக்’ என்று ஒடியும் பதத்தில், 8 முதல் 10 சென்டிமீட்டர் எடுங்கள். கணுவுக்கு ஒட்டினாற்போல் கீழே வெட்டுங்கள். வேர் அந்தக் கணுவிலிருந்துதான் வரும். கீழ் இரண்டு ஜோடி இலையைக் கிள்ளிவிட்டு, மேலே இருக்கும் பெரிய இலையைப் பாதியாக வெட்டுங்கள்.

அடுத்த காரணம் தேங்காய் நார்க்கழிவு. பொள்ளாச்சிப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதென்று அதை மட்டுமே போட்டு நட்டுவிடுகிறோம். அது பஞ்சு போல் தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், உப்பும் இருக்கும். மூன்று முறை அலசி, பிழிந்து, சம அளவு மணலோடு கலந்தால் நல்லது. பிழிந்தால் ஒரு சொட்டு விழலாம், ஒழுகக் கூடாது. உரம் வேண்டாம். மேலே பாலிதீன் பை கவிழ்த்தால் தினமும் காலையில் பத்து நிமிடம் திறந்துவிடுங்கள். மூன்று வாரத்தில் குச்சியை மெல்ல இழுத்துப் பாருங்கள். பிடித்து இழுத்தால் எதிர்த்து நிற்க வேண்டும்.

எங்கள் வழக்கம் இது. புரட்டாசியில் அக்கா மேலே நுனிக்குச்சிகளை வெட்டி, ஈரச் செய்தித்தாளில் சுற்றி, கேரட் சாக்கின் மேல்பகுதியில் வைத்துப் பஸ்ஸில் அனுப்புவார். மதியத்துக்குள் இங்கே வந்துவிடும். வந்த உடனே ஒரு மணி நேரம் தண்ணீரில் நிற்க வைத்து, மாலைக்குள் நட்டுவிடுவேன். இங்கே மார்கழியிலும் பனி உறைவதில்லை என்பதால் மாசி வரை நிழல்வலைக்குள் பத்திரமாக இருக்கும். மலை ஊர்களுக்குச் சமவெளியில் ஒரு சொந்தம் இருந்தால் இதைவிடச் சிறந்த பனிக்காப்பு வேறு கிடையாது.

செழிப்பாக வளர்கிறது, பூ மட்டும் இல்லை

லூகாந்தாவும் எலிகன்ஸும் இரவு நீண்டால்தான் மொட்டு வைக்கும். நம் பக்கம் பகல் பொழுது வருடம் முழுக்கப் பதினொன்றரை மணிக்கும் பன்னிரண்டே முக்கால் மணிக்கும் இடையில்தான் மாறுகிறது. ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்துச் சுருக்கத்தைச் செடி அறிந்துகொள்கிறது. அதனால் வைகாசியில் பூ எதிர்பார்த்து உரம் வைக்காதீர்கள்.

ஐப்பசி வந்தும் பூக்கவில்லை என்றால் இரவில் போய்ப் பாருங்கள். தெருவிளக்கோ, வாசல் விளக்கோ செடியின் மேல் விழுகிறதா? எங்கள் தெருவில் ஒரு வீட்டில் ஒரே புதரின் சுவர் நிழல் விழும் பாதி பூத்து, விளக்குப் படும் பாதி பச்சையாகவே நின்றதைப் பார்த்திருக்கிறேன். தொட்டியை இடம் மாற்றியதும் சரியாயிற்று. விளக்கும் இல்லையென்றால் ஆடிக்குப் பிறகு நுனி கிள்ளினீர்களா, எரு அதிகமாகப் போட்டீர்களா என்று யோசியுங்கள்.

வடநாட்டுக் குளிர் ஊர்களில் சிக்கல் வேறு. இரவு நீண்டு மொட்டு வரும்போதே முதல் பனியும் வந்துவிடும். அங்கே லூகாந்தாவை நம்பாமல், பகல் நீளத்தைப் பார்க்காமல் கோடையிலேயே பூக்கும் ஃபாரினேசியா, கிரெகியி வகைகளை வைப்பது நல்லது.

ஆனி ஆடியில் கிளை அடியோடு ஒடிகிறது

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று. சால்வியாவின் கிளை தண்டோடு சேரும் இடம் பலமற்றது. வைகாசி கடைசியில் ஒருமுறை பாதியாக வெட்டிவிட்டால் குட்டையாக, அடர்த்தியாக வரும். நான்கு மூங்கில் குச்சி நட்டுச் சணல் கயிற்றால் சுற்றி வேலி கட்டுங்கள். ஒடிந்த நுனியை எறியாமல் குச்சியாக நடலாம்.

இலை ஓரம் பழுப்பாகக் காய்கிறது

தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவம் இருந்தால் போர்வெல் உப்பு. தொட்டியின் கொள்ளளவைப் போல் மூன்று மடங்கு நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றி அடியில் வடியவிடுங்கள். சிறுவாணித் தண்ணீர் வரும் வீட்டுக்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மற்றவர்கள் மழைநீரைப் பிடித்து வையுங்கள்.

இலையில் ஊசிமுனைப் புள்ளிகள், அடியில் மெல்லிய நூலாம்படை

மாசி, பங்குனி வறட்சியில் வரும் சிலந்திப்பேன். வெள்ளைத் தாளின் மேல் இலையைத் தட்டுங்கள். விழும் தூசி நகர்ந்தால் அதுதான். இலையின் அடிப்பக்கத்தில் படும்படி வேகமாகத் தண்ணீர் அடித்து, மூன்று நாளுக்கு ஒருமுறை திரும்பச் செய்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து மாலையில் தெளியுங்கள். வெள்ளை ஈக்கு, விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் அட்டை. தேன்சிட்டு வந்து குடிக்கும் செடி இது. பூவின் மேல் எந்த மருந்தும் பட வேண்டாம்.

கோடையில் சமவெளிச் செடி நாளுக்கு நாள் மெலிகிறது

லூகாந்தாவுக்கு நம் சித்திரை இரவின் வெக்கை ஆகாது. பூ முடிந்ததும் மாசியில் பாதியாக வெட்டி, காலை வெயில் மட்டும் படும் கிழக்குப் பக்கத்தில், 50 சதவீத நிழல்வலையின் கீழ் வையுங்கள். வேரடியில் தென்னை மட்டைத் தூளோ கரும்புச் சோகையோ நான்கு விரல் கனத்துக்குப் போடுங்கள். நண்பகலில் வாடி மாலையில் தானாக நிமிர்ந்தால் அது தாகமில்லை, விட்டுவிடலாம். மறுநாள் காலையிலும் வாடியிருந்தால் மட்டுமே தண்ணீர்.

மலைக்குத் திரும்பிய செடியின் இலை வெளுத்துக் காகிதமாகிறது

நோய் என்று பயப்படாதீர்கள். நிழல்வலையில் வளர்ந்த செடி மலையின் கூர்மையான வெயிலைத் தாங்கவில்லை. பங்குனி கடைசியில் நான் அனுப்பும் தொட்டிகளை அக்கா முதல் வாரம் திண்ணையில் வைப்பார், அடுத்த வாரம் காலை வெயிலில் இரண்டு மணி நேரம், அதன் பிறகுதான் பாத்திக்கு. வெளுத்த இலையைக் கிள்ள வேண்டாம். அதற்கு மேலே புது இலை இரண்டு ஜோடி விரிந்த பிறகு தானாக உதிரும்.